இப்போது பியூலாவின் அம்மா பேசுவார்கள்

பிரசங்கம் முடிந்ததும் என்னைக் கூப்பிடுவார். இப்போதைக்கு முடிகிற மாதிரித் தெரியவில்லை. ரெக்ஸ் ஐயர் (எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்) பீடத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்கிறார், வீட்டுக்குள் மட்டும் விசுவாசிகளாக இருந்தால் போதுமா, தெருவுக்கு வர வேண்டாமா, கருவிலேயே பிள்ளைகள் அழிக்கப்படுவதைத் தெரிந்துகொண்டே நாம் ஞாயிறு தோறும் பாடிவிட்டுப் போனால் அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்கிறார். ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ ஆமென் சொல்கிறார்கள். பியூலா என் தோளில் சாய்ந்து என் வளையலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருக்கிறாள். வெள்ளைக் கவுன் போட்டுக் கூட்டி வாருங்கள், நீங்கள் பேசும்போது பிள்ளையும் பக்கத்தில் நிற்கட்டும், ஆயிரம் வார்த்தைக்குச் சமம் என்று ஐயர் சொன்னார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நான் வெள்ளைக் கவுனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன், அவளுக்குப் பிடித்த பச்சைப் பாவாடையை அவளே எடுத்துக்கொண்டு வந்து நின்றாள், அதையே கட்டிவிட்டேன். இன்றைக்கு ஆராதனை முடிந்ததும் சபை முழுவதும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஊர்வலம் போகிறது. வாசலில் பேனர் சாத்தி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை கன்னம் சிவக்கச் சிரிக்கிறது. எங்கேயிருந்து எடுத்தார்களோ. இந்தச் சபையில் எந்தக் குழந்தையும் அப்படி இருந்ததில்லை. அந்தக் குழந்தைக்குக் கீழே பெரிய எழுத்தில் கொலை என்று போட்டிருக்கிறது. வியாழக்கிழமை நான் ஐயரிடம் அந்த வார்த்தை வேண்டாமே என்றேன். உண்மையைத்தானம்மா சொல்றோம் என்றார். உண்மைதான் ஐயரே, ஆனா வயித்துல பிள்ளையோட பயந்துபோய் நிக்குத ஒருத்தி இதைப் படிச்சா வீட்டுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிடுவா, நம்மகிட்ட வர மாட்டா என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேனர் அதற்குள் அச்சாகி வந்துவிட்டிருந்தது.

அஞ்சு நிமிஷம் சாட்சி சொன்னால் போதும் என்றார். சாட்சி என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு, முதலில் கஷ்டம், பிறகு ஜெபம், பிறகு ஒரு அற்புதம், கடைசியில் எல்லாரும் கைதட்டுவார்கள். என்னுடையதில் மூன்றாவது வரவில்லை. பியூலா பிறந்தாள், அவ்வளவுதான். வயிற்றில் ஐந்தாம் மாதம் ஸ்கேன் பார்த்த டாக்டர் பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம் என்றார், பிறகு ஊசி போட்டுப் பனிக்குடத் தண்ணீர் எடுத்துப் பார்த்து, இருக்கலாம் இல்லை இருக்கிறது என்றார், இருதயத்திலும் ஒரு ஓட்டை என்றார். அந்த அறையில் என் வீட்டுக்காரர் ஆசீர் சுவரில் மாட்டியிருந்த மருந்துக் கம்பெனிக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்னைப் பார்த்து, உங்களுக்கு வயசு இருக்கு, இன்னொண்ணு பெத்துக்கலாம், இதை இப்பவே முடிச்சிரலாம் என்றார். இதை. அந்தச் சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. நான் பெரிய விசுவாச வீராங்கனை ஒன்றுமில்லை, எந்த வசனமும் அப்போது நினைவுக்கு வரவில்லை, சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன், சரி வரவில்லை. அதுதான் நடந்தது. அதை எப்படிச் சாட்சியாகச் சொல்வது. வீட்டுக்கு வந்து அப்போதிருந்த பழைய ஐயரைப் போய்ப் பார்த்தோம். அவர் எங்களுக்காக ஜெபித்தார், கண்ணீர் விட்டுத்தான் ஜெபித்தார், பிறகு வாசல் வரை வந்து, இது உங்க சொந்த விஷயம், டாக்டர் சொல்றதைக் கேட்டுக்கோங்க, சபையில ஒண்ணும் பேச வேண்டாம் என்றார். பேசவில்லை. நானும் பேசவில்லை, சபையும் பேசவில்லை. பியூலா பிறந்த பிறகு பார்க்க வந்தவர்கள் தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளியே நின்றார்கள். கர்த்தர் உன்னைச் சோதிக்கிறாரு என்றார்கள், உனக்குத் தாங்குத பெலன் இருக்குன்னுதான் குடுத்திருக்காரு என்றார்கள், பிஸ்கட் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். குழந்தையைக் கொண்டா பார்ப்போம் என்று கை நீட்டினது யார் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். என் மாமியார் ஞானப்பூ நீட்டினார், அவரும் இரண்டாம் வருஷம் போய்விட்டார். வேறு முகம் ஞாபகத்தில் வரவில்லை.

ஐயர் தண்ணீர் குடிக்கிறார். பியூலா நிமிர்ந்து பார்த்துவிட்டு அவளுக்கும் வேண்டும் என்கிறாள். பாட்டிலைக் கொடுக்கிறேன், பாதி மடியில் சிந்துகிறது, துடைத்துவிடுகிறேன். எனக்கு முன்னால் இரண்டு பெஞ்சு தள்ளி ஜெனிபாவின் முதுகு தெரிகிறது. நீல நிறச் சேலை. தலையில் முக்காடு. முதுகு அசையவே இல்லை. பிரசங்கம் ஆரம்பித்ததிலிருந்து அவள் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், புகைப்படம் எடுப்பதற்கு உட்காருகிறவர்கள் மாதிரி. போன புதன்கிழமை பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவளைப் பார்த்தேன். நான் பியூலாவைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போயிருந்தேன். அவளுடைய மாமியார் கிரேஸ் டீச்சர் மருந்து வாங்கப் போயிருந்தார். என்ன ஜெனிபா, செக்கப்பா என்றேன். ஆமாக்கா என்றாள், பிறகு பியூலாவைப் பார்த்தாள். எல்லாரும் பார்க்கிற பார்வை எனக்குப் பழக்கம், முதலில் முகத்தை, பிறகு என்னை, பிறகு வேறெங்காவது. அவள் அப்படிப் பார்க்கவில்லை. பியூலாவின் விரல்களைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், செருப்புப் போட்டிருக்கிற காலைப் பார்த்தாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனையாவது மாசம் என்றேன். அஞ்சு என்றாள். தண்ணி எடுத்துப் பாத்தாச்சுக்கா, பியூலா மாதிரித்தானாம். அவர்ட்ட போன்ல சொன்னேன், அம்மா சொல்லுததைக் கேளுன்னுட்டாரு. அவள் புருஷன் மஸ்கட்டில் இருக்கிறான். அத்தை திங்கக்கிழமைக்குச் சொல்லி வச்சிருக்காங்க, யாருக்கும் தெரியக் கூடாதுன்னாங்க. திங்கட்கிழமை என்றால் நாளைக்கு. அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுமா, மறைக்காமச் சொல்லணும். இவ வேண்டாம்னு உங்களுக்கு எப்பவாச்சும் தோணிருக்கா? நான் வாயைத் திறப்பதற்குள் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் கிரேஸ் டீச்சர் வந்துவிட்டார், ஜெனிபா எழுந்து போய்விட்டாள். டீச்சர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ரெண்டு பேரும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டோம்.

அந்தக் கேள்வி புதன்கிழமையிலிருந்து என் கூடவே நடக்கிறது. அரிசி களைகிறேன், கேட்கிறது. பியூலாவுக்குச் சடை போடுகிறேன், கேட்கிறது. இல்லவே இல்லை என்று சொன்னால் அது பேனரில் சிரிக்கிற அந்தக் குழந்தை மாதிரி இருக்கும். ஜெனிபா கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிடுவாள். உள்ளதைச் சொன்னால், ராத்திரிகளைச் சொன்னால், இருதயத்தைத் திறந்து தைத்த அன்றைக்கு மதுரை ஆஸ்பத்திரி மாடிப்படியில் நானும் ஆசீரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னால், இங்கே ஆங்கிலப் பள்ளியில் இடமில்லை என்றதைச் சொன்னால், ஞாயிறு காலை சபையில் நடக்கிற ஓய்வுநாள் பள்ளியில்கூடப் பின்னால் உட்கார வையுங்கள், மற்ற பிள்ளைகள் கவனம் சிதறுகிறது என்றதைச் சொன்னால், நாளைக்கு அவள் அமைதியாக டாக்டரிடம் போய்ப் படுத்துவிடுவாளே. அப்படியானால் அந்தப் பிள்ளை என் வாயால் போனதாக ஆகாதா. எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று இருக்கிறது, அதை ஆசீரிடம்கூட நான் சொன்னதில்லை, அவரும் என்னிடம் சொன்னதில்லை, ஆனால் சில நாள் பியூலா தூங்கின பிறகு ரெண்டு பேரும் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அது அறைக்குள் வந்து நிற்கும். எங்களுக்குப் பிறகு யார். அவளுக்கு நாற்பது வயதாகும்போது எனக்கு எழுபத்திரண்டு. யார் அவளுக்குச் சடை போடுவார்கள். அதை நினைத்தால் உடனே துணி மடிக்கப் போய்விடுவேன். இங்கே மடிக்கத் துணி இல்லை. கையைப் பார்க்கிறேன், பியூலா வளையலைக் கழற்றி அவள் கையில் போட்டுக்கொண்டுவிட்டாள், முழங்கை வரை ஏற்றியிருக்கிறாள், சந்தோஷமாக இருக்கிறாள். அவளுடைய சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். அது பொய் இல்லை. ஆசீர் வேலை முடிந்து வரும்போது தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டதும் அவள் ஓடுகிற ஓட்டம், அதை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. அதைச் சொன்னால் கைதட்டுவார்கள். கைதட்டிவிட்டு ஊர்வலத்துக்குப் போவார்கள். எனக்குக் கைதட்டல் பயமாக இருக்கிறது.

கிரேஸ் டீச்சர் ஜெனிபாவுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார். பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி. இன்றைக்குப் பேனரின் ஒரு முனையை அவர்தான் பிடிக்க வேண்டும். புதன்கிழமை ராத்திரி முழுக்க நான் அவரைத் திட்டினேன், மனதுக்குள்ளேதான், மாய்மாலக்காரி என்றெல்லாம். விடிந்ததும் வேறொன்று நினைவுக்கு வந்தது. அவர் புருஷன் பக்கவாதம் வந்து ஏழு வருஷம் கட்டிலில் கிடந்துதான் இறந்துபோனார். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் அவரைக் கழுவிவிட்டு, வந்து மறுபடி கழுவி, புண் வராமல் புரட்டிப் போட்டு, எல்லாம் அவர் ஒருத்திதான். அப்போதும் சபை போய் ஜெபித்துவிட்டு பிஸ்கட் வைத்துவிட்டுத்தான் வந்தது, அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அவருக்குத் தெரியும் ஒரு உடம்பைத் தூக்கிப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று. மருமகள் அந்தக் குழிக்குள் விழ வேண்டாம் என்று நினைக்கிறாரோ என்னவோ. அது தப்புதான், அந்தப் பிள்ளை குழி இல்லை, பிள்ளை. ஆனால் அவரைத் தப்பு என்று சொல்லுகிறவர் யார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ஐயர் சொல்கிறார், இன்றைக்கு நாம் வாய் திறக்காவிட்டால் நாளைக்கு ஆண்டவர் நம்மிடம் கேட்பார். கேட்பார்தான். நான் நம்புகிறேன். அந்த டாக்டர் அறையில் சரி என்ற சொல் என் வாயிலிருந்து வராமல் பிடித்தது அவர்தான் என்று நம்புகிறேன். ஆனால் வாய் திறந்தாயா என்று மட்டுமா கேட்பார்.

ஐயர் முடித்துவிட்டார். நான் கவனிக்கவில்லை. இப்போது பியூலாவின் அம்மா பேசுவார்கள் என்கிறார். எனக்குத் தெபோரா என்று ஒரு பேர் உண்டு, ஆனால் ஒன்பது வருஷமாக நான் பியூலாவின் அம்மாதான், சரி. எழுந்திருக்கிறேன். நீ உக்காரு என்கிறேன், பியூலா மாட்டேன் என்று கூடவே வருகிறாள். அது ஐயர் சொன்னதற்காக இல்லை, அவளுக்கு மைக் பிடிக்கும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறேன். மேலேயிருந்து பார்த்தால் எல்லார் முகமும் தெரிகிறது. கிரேஸ் டீச்சர் என்னைப் பார்க்கிறார், கண்ணில் ஒரு கெஞ்சல், சொல்லிவிடாதே என்கிற கெஞ்சல். ஜெனிபா தரையைப் பார்க்கிறாள். தயார் செய்து வைத்திருந்த முதல் வரி போய்விட்டது. நான் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினேன். இவ பியூலா, உங்களுக்குத் தெரியும். இவ வயித்துல இருக்கும்போது வேண்டாம்னு சொன்னாங்க. நான் கேக்கல. அதுக்கு ஒருநாளும் வருத்தப்பட்டதில்ல. ஒருத்தங்க எங்கிட்ட கேட்டாங்க, இவ வேண்டாம்னு தோணிருக்கான்னு. இவ வேண்டாம்னு தோணினதில்ல. எங்கேயாவது ஓடிப்போயிரலாம்னு தோணிருக்கு. ஒருநாள் மத்தியானம் இவளைத் தொட்டில்ல போட்டுட்டு வாசல் கதவு வரைக்கும் போயி நின்னேன். அன்னைக்கு எனக்கு வேண்டியிருந்தது தூக்கம். யாராவது வந்து கொஞ்ச நேரம் இவளைக் கையில வாங்கியிருந்தா நான் தூங்கிட்டு எந்திரிச்சிருப்பேன். வாங்க ஆள் இல்ல. அவ்வளவுதான் விஷயம். ஐயர் என் பக்கம் திரும்புவது தெரிந்தது, நான் நிறுத்தவில்லை. இந்தப் பிள்ளைகளை அழிக்கக் கூடாதுன்னு தெருவுல போயிச் சொல்லணும், அது நம்ம கடமைதான், நானும் வாரேன். ஆனா அதைக் கேட்டுட்டு ஒரு பொண்ணு, சரி, நான் பெத்துக்கிடுதேன்னு நம்ம வாசல்ல வந்து நின்னா, அந்தப் பிள்ளையை யார் வாங்குவீங்க? தூக்கம் இல்லாத ராத்திரியில யார் போவீங்க? அந்தப் பொண்ணும் புருஷனும் வயசாகிப் போன பிறகு அந்தப் பிள்ளைக்கு யார் சோறு வைப்பீங்க? வாங்குறவங்க எந்திரிச்சு நில்லுங்க. முடியாதவங்க உக்காந்திருங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்கிட மாட்டேன். தெருவுக்குப் போறதுக்கு முன்னால தெரிஞ்சுக்கிடணும்.

ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் ஆசீர் உடனே எழுந்தார். நீங்க கணக்குல வர மாட்டீங்க, அவளுக்கு அப்பா நீங்க என்றேன். சிலர் சிரித்தார்கள், பிறகு அந்தச் சிரிப்பும் அடங்கியது. யாரும் எழவில்லை. ஆசீர் உட்காரவும் இல்லை, நின்றுகொண்டே இருந்தார், அந்தக் காலண்டரைப் பார்த்த ஆள் இப்போது என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தப்புச் செய்துவிட்டேனோ என்று நினைத்தேன். வீட்டுக்குள் கேட்க வேண்டியதை மைக்கில் கேட்டுவிட்டேனோ, அவமானப்படுத்திவிட்டேனோ, இனிமேல் இந்தக் கோயிலுக்குள் எப்படி வருவது, பியூலா என் சேலையைப் பிடித்து இழுக்கிறாள், போகலாமா என்கிறாள், போகலாம் இரு, இரு. அப்போது நீலச் சேலை எழுந்தது. ஜெனிபா. அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள், இன்னொரு கை வயிற்றில் இருந்தது. கிரேஸ் டீச்சரின் கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. உட்கார வைக்கிறார் என்று நினைத்தேன். சபையில் எல்லாரும் பார்க்கிறார்கள், ஆனால் அந்தக் கை எதற்காக என்று அங்கே மூன்று பேருக்குத்தான் தெரியும். ஜெனிபா உட்காரவில்லை. டீச்சர் கையை விடவில்லை. டீச்சருக்கு முழங்கால் தேய்ந்துபோய் வெகுநாளாகிறது, பிடிமானம் இல்லாமல் எழ முடியாது. அவர் அந்த மணிக்கட்டில் தன் பாரத்தைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்ல எழுந்தார். ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அதற்குப் பிறகு பின்னாலிருந்து ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது, இன்னொன்று. எல்லாரும் எழவில்லை. பாதிக்கும் குறைவுதான். உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் அழுதார்கள், எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. ரெக்ஸ் ஐயர் பீடத்திலிருந்து இறங்கி, எழுந்து நின்றவர்களோடு போய் நின்றார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் நின்றார், அது நன்றாக இருந்தது.

ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வரிசை கட்டினார்கள். பேனரில் அந்த வார்த்தையின் மேல் யாரோ வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள், ஒரு மூலை அதற்குள் பெயர்ந்து ஆடியது. டீச்சரைத் தேடி ரெண்டு பேர் உள்ளே வந்தார்கள், நீங்க முன்னால போங்க, நான் வாரேன் என்று அனுப்பிவிட்டார். அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார், நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜெனிபா பியூலாவைக் கூட்டிக்கொண்டு வாசல் பக்கம் போயிருந்தாள். டீச்சர் அவர்கள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நாளைக்கு எங்க கூட ஆஸ்பத்திரிக்கு வருவியா தெபோரா என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதுக்கில்ல, இந்தப் பிள்ளைக்கும் இருதயத்துல ஏதோ இருக்குன்னாங்க, நான் அப்ப சரியாக் காதுல வாங்கல, முடிக்கத்தானே போறோம்னு. இப்பக் கேக்கணும். உனக்குத்தான் என்ன கேக்கணும்னு தெரியும் என்றார். வாரேன் டீச்சர் என்றேன். வெளியே பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“ஆபரேஷனுக்கு முன்னால பியூலா எப்படிப் பால் குடிச்சா?”

“அவளுக்கு உறிஞ்ச முடியாது டீச்சர். மூச்சு வாங்கும். பீய்ச்சி எடுத்துக் கரண்டியிலதான் குடுப்பேன், சொட்டுச் சொட்டா. ஒரு தடவை குடுத்து முடிச்சு நிமிந்தா அடுத்த தடவைக்கு நேரமாயிரும்.”

“ராத்திரியிலயுமா?”

“ராத்திரியிலதான் ரொம்ப.”

டீச்சர் தலையாட்டிக்கொண்டார். “அவர் போனதுல இருந்து எனக்கு ராத்திரி தூக்கம் கிடையாது” என்றார். “சும்மா முழிச்சுக்கிட்டுத்தான் கிடக்கேன்.”